முகவரி கடைசியில்

மெயில் எழுதினால் அக்கா முகவரியைக் கடைசியில்தான் போடுவார். முதலில் விஷயம், அடுத்து தலைப்பு, இணைப்பு ஏதும் இருந்தால் அது. எல்லாம் முடிந்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, நடைபாதைக் கோடியில் இருக்கும் குடிநீர்க் குழாய் வரை நடப்பார். பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருந்தாலும் போவார். திரும்பி வந்து, உட்காராமல், உதடு அசைய எழுதியதை ஒருமுறை படிப்பார். பாதியை வெட்டுவார். அதற்குப் பிறகே மேலே காலியாக இருக்கும் பெட்டியில், யாருக்கு என்பதை ஒவ்வோர் எழுத்தாக அடிப்பார்.

"ஏன்க்கா, யாருக்குன்னே தெரியாமலா எழுதுறீங்க?" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பதுண்டு.

"முகவரி போடாத மெயில் வீட்டுக்குள்ள உக்காந்திருக்கிற ஆளு மாதிரி. எப்ப வேணா மனசு மாறலாம். முகவரி போட்டாச்சுன்னா செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறான்னு அர்த்தம். கை தெரியாமப் பட்டாலே கிளம்பிடுவான்."

லிஃப்ட் பொருத்திப் பராமரிக்கும் ஒரு கம்பெனியின் கிளை அலுவலகம் அது. இரண்டாவது மாடியில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கீழ்த்தளத்தில் பட்டறை, மேலே மேனேஜர், விற்பனைக்காரர்கள், கடிதப் பிரிவு. கடிதப் பிரிவு என்றால் அக்காவும் அவருடைய மேசையும். வாடிக்கையாளர் எழுதும் புகார்களெல்லாம் அவருடைய பெட்டிக்குத்தான் வரும். அவற்றைப் படித்து, இரண்டு வரியாகச் சுருக்கி, மெக்கானிக்குக்கு அனுப்பிவிட்டு, வாடிக்கையாளருக்கு எந்த நாள் எத்தனை மணிக்கு ஆள் வரும் என்று பதில் போடுவார். இருபத்தேழு வருடமாக இந்த வேலை. முதல் பத்து வருடம் தாளில் செய்தார்.

வயது ஐம்பத்தைந்து. கறுப்புச் சட்டமிட்ட கண்ணாடி, இடது கையில் ஆண்கள் கட்டும் கடிகாரம். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் கத்தரி அக்கா. யார் எழுதினாலும் வெட்டுவார் என்பதால் வந்த பெயர். அவசரத்தில் கூப்பிடுகிறவர்கள் வாயில் அது கத்தரிக்கா ஆகிவிடும். அவருக்கும் தெரியும். "காய்கறிக் கடைக்காரரே, என்ன வேணும்?" என்று நிமிராமலே கேட்பார்.

கோபமாக ஒரு மெயில் எழுதியவர்கள் அனுப்புவதற்கு முன் அவரிடம் கொண்டுவருவது அங்கே எழுதப்படாத சட்டம். சட்டத்தை மீறிய இரண்டு பேர் இப்போது வேறு கம்பெனிகளில் இருக்கிறார்கள். ஒருமுறை பொருள் வாங்கும் பிரிவுக்காரர் நான்கு பத்தி எழுதிக்கொண்டு வந்தார். கம்பிக் கயிறு வரவேண்டிய தேதி தாண்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. பொறுப்பின்மை, நம்பிக்கைத் துரோகம் என்றெல்லாம் அதில் இருந்தது. அக்கா முழுவதும் படித்தார்.

"இவ்வளவு எழுதியிருக்கியே, உனக்கு என்ன வேணும்?"

"கயிறு வேணும்க்கா."

"கயிறுங்கற வார்த்தை எங்க இருக்கு, காட்டு."

அவர் தேடினார். மூன்றாவது பத்தியில், ஒரு அடைப்புக்குறிக்குள் இருந்தது.

"அவன துரோகின்னு சொன்னா கயிறு வருமா? சப்ஜெக்ட்ல போடு: கம்பிக் கயிறு, ரெண்டு சுருள், வெள்ளிக்கிழமைக்குள்ள. கீழ ஒரே வரி. வரலன்னா எந்த வேலை நிக்கும்னு சொல்லு. அப்புறம் நன்றி."

"நன்றியா? அவனுக்கா?"

"சும்மா போடு. காசா பணமா."

வியாழக்கிழமையே கயிறு வந்தது. துரோகி என்று எழுதியது இன்னும் தன் டிராஃப்டில் இருக்கிறதென்று அந்தப் பொருள் வாங்குபவர் சொல்லிக்கொள்வார். அவ்வப்போது எடுத்துப் படித்து ஆறுதல் அடைகிறாராம்.

சிசி போடுவது அக்காவுக்குப் பிடிக்காது. ஒரு சின்ன விஷயத்துக்கு ஆறு பேரைச் சேர்த்தால், "எதுக்குப்பா ஊரக் கூட்டுற? உங்க ரெண்டு பேர் சண்டைய மத்தவங்க ஏன் ஓசில பாக்கணும்?" என்பார். தலைப்பில் 'அவசரம்' என்று எழுதினால், எழுதியவரின் மேசைக்கே போய் நின்று, "அவசரம்னா போன் பண்ணியிருப்ப. மெயில் போட்டுட்டு டீ குடிக்கிறவனுக்கு என்ன அவசரம்?" என்பார். மேனேஜருக்கும் இதே பாடம்தான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு.

மேனேஜர் அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவர். மேடம் என்றுதான் அழைப்பார். அவருடைய இன்பாக்ஸில் பதினோராயிரம் மெயில்கள் படிக்கப்படாமல் கிடக்கின்றன. அதைச் சொல்லும்போது குரலில் லேசாக ஒரு பெருமை தட்டும். கெட்ட செய்தி எழுத அவருக்கு வராது. சம்பள உயர்வு இல்லை என்பதைச் சொல்ல, கம்பெனி தொடங்கிய வருடத்திலிருந்து ஆரம்பிப்பார். அதை அக்காவிடம் கொடுத்தால் கடைசி வரியைத் தூக்கி முதல் வரியில் வைத்துவிடுவார்.

"கெட்ட சேதிய மூணாவது பத்தில ஒளிச்சு வைக்காதீங்க சார். அங்க வந்து சேர்றதுக்குள்ள அந்த மனுஷன் சந்தோஷப்பட்டுருவாரு. அது பாவம்."

அக்காவின் சொந்தப் பெட்டி மாலை ஐந்தரைக்குத் துடைத்த மேசை மாதிரி இருக்கும். காலை ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, நான்கு மணிக்கு ஒருமுறை என்று மூன்று தடவைதான் மெயில் பார்ப்பார். இரண்டு நிமிடத்தில் முடிவதை அப்போதே முடிப்பார். முடியாததற்கு ஒரு தேதி சொல்லிப் பதில் போடுவார். கிளம்பும்போது இன்பாக்ஸில் பூஜ்யம். வருகிறவர்களுக்கெல்லாம் மேனேஜர் அதைக் காட்டுவார், சுற்றுலா வந்தவர்களுக்குக் கட்டடத்தைக் காட்டுவது போல.

அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு பின்கட்டு இருந்தது. அது யாருக்கும் தெரியாது.

அக்காவின் கணவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. பேருந்து நிலையத்தில் நேரம் குறிப்பவராக இருந்தவர். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளிக்கவில்லை. பேச்சு நீளமான மனிதர். ஒரு பஸ் பத்து நிமிடம் தாமதமாக வந்ததைச் சொல்ல அதற்கு முந்தின வாரத்தில் தொடங்குவார். ஆபீஸில் அத்தனை பேரையும் வெட்டும் அக்கா, வீட்டில் அவருடைய பேச்சில் ஒரு சொல்லைக்கூட வெட்டியதில்லை. கையில் கட்டியிருப்பது அவருடைய கடிகாரம்.

பதினோரு நாள் விடுப்பு முடிந்து வந்தபோது அறுநூறுக்கு மேல் மெயில்கள் காத்திருந்தன. வேலை மெயில்களை ஒன்றரை நாளில் தீர்த்தார். நடுநடுவே துக்கம் கேட்டு வந்தவை இருந்தன. எல்லாக் கிளைகளிலிருந்தும் எழுதியிருந்தார்கள், வாடிக்கையாளர்களும் எழுதியிருந்தார்கள். துக்கம் கேட்டு எழுதுகிறவர்களுக்குத் தலைப்பு என்ன போடுவதென்று தெரிவதில்லை. காலியாக விட்டுவிடுகிறார்கள். புகார் எழுதும் வாடிக்கையாளர்கள் கம்பெனியின் இணையப் படிவத்தை நிரப்புவார்கள். அதில் புகார் எண்ணே தலைப்பாகத் தானாக விழுந்துவிடும். ஆகவே தலைப்பில்லாமல் வருவது துக்கம் மட்டும்தான் என்று அக்கா கணக்குப் போட்டார். கம்ப்யூட்டர் பார்க்கிறவரைக் கூப்பிட்டார்.

"சப்ஜெக்ட் இல்லாம இதுவரைக்கும் வந்தது, இனிமே வர்றது, ரெண்டையும் வேற எங்கயாவது போற மாதிரி வைக்க முடியுமா?"

"ரெண்டு நிமிஷம்க்கா. ஃபோல்டருக்கு என்ன பேரு?"

"பிறகுன்னு போடு. வீட்டுக்குப் போய்ப் படிச்சுக்கறேன்."

ஆபீஸில் கண் கலங்கினால் மேசையில் தண்ணீர் கொட்டின மாதிரி, நாலு பேர் துணியோடு ஓடிவந்துவிடுவார்கள் என்பது அக்காவின் அபிப்பிராயம். வீட்டுக்குப் போயும் படிக்கவில்லை. மகள் வாரம் ஒருமுறை போனில், "அம்மா, எல்லாருக்கும் பதில் போட்டியா? கேக்குறாங்க" என்பாள். "போடணும்" என்பார். யாருக்கும் தேதி சொல்லவில்லை.

கீழ்ப் பட்டறையில் இருக்கும் மெக்கானிக், அக்காவிடம் பாடம் கேட்காமலே சுருக்கமாக எழுதுகிற ஒரே ஆள். முன்பெல்லாம் வேலை முடிந்ததும் "முடிஞ்சது" என்று ஒரு மெயில் வரும். தலைப்பு இருக்காது.

"எது முடிஞ்சது?" என்று அக்கா மாடிப்படியிலிருந்து கேட்பார்.

"வேலைதான்க்கா."

"எந்த வேலைன்னு யாருக்குத் தெரியும்? சப்ஜெக்ட்ல கட்டடம் பேரு போடுப்பா."

"அதான் நேர்லயே சொல்லிட்டனே."

அதன் பிறகு அவர் வேலை மெயில் அனுப்புவதை விட்டுப் பல வருடமாகிறது. வேலை முடிந்தால் படியேறி வந்து சொல்லிவிட்டுப் போவார். "லிஃப்ட் கம்பெனில வேல பாத்து முட்டி தேஞ்சது நான் ஒருத்தன்தான்க்கா" என்பார். பதினாறு வருடத்தில் அவர் பார்த்த லிஃப்ட் எதிலும் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

போன வாரம் விழுந்தது. ஆற்றோரக் குடியிருப்பில், மூன்றாம் மாடியில் லிஃப்ட் தரையோடு சமமாக நிற்காமல் நாலு விரல் மேலே நின்றிருக்கிறது. குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மனைவி, கண் பார்வை குறைந்தவர், வெளியே கால் வைத்து விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. செயலாளர் மேனேஜரைப் பார்க்க நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. தன் போனைத் திறந்து, ஆறாம் தேதி ஒரு மெயிலும் பதினோராம் தேதி ஒரு மெயிலும் கம்பெனிக்கு அனுப்பியிருப்பதைக் காட்டினார். முன்பெல்லாம் போனில் கூப்பிட்டுச் சொல்வாராம். இப்போது காது சரியாகக் கேட்காததால் எழுதினாராம். யாரும் வரவில்லை என்றார்.

மேனேஜர் அக்காவின் மேசைக்கு வந்தார்.

"மேடம், தலைமை ஆபீஸ்ல ஒரு பேரு கேக்குறாங்க. அஞ்சரைக்குள்ள."

"என்ன பேரு?"

"யார் தப்புன்னு. புகார் உங்ககிட்ட வந்தா அது கீழ போயிருக்கும், அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. மெக்கானிக்கும் ஒத்துக்கிட்டாரு. மெயில ஒழுங்காப் பாக்குற பழக்கம் இல்லன்னு அவரே சொல்றாரு." குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமையிலேருந்து வேண்டாம்னு எழுதணும். நீங்கதான் எழுதணும். கொஞ்சம் மென்மையா."

"கவனக்குறைவுன்னு போட்டா வேற எந்த லிஃப்ட் கம்பெனியும் அவர எடுக்காது சார்."

"அதான் மென்மையான்னு சொன்னேன்."

அவர் போன சிறிது நேரத்தில் மெக்கானிக் படியேறி வந்தார். கால்சட்டையில் கிரீஸ் இருந்ததால் உட்காரவில்லை.

"அக்கா, ஆறாம் தேதி நீங்க அனுப்பினீங்கதானே?"

"தேடிப் பாக்குறேன்."

"என்னத்த தேடப் போறீங்க, நீங்க அனுப்பியிருப்பீங்க. நான்தான் எங்கயோ அமுக்கித் தொலச்சிருக்கேன். இந்தப் போன்ல கைபட்டா என்னென்னமோ மறைஞ்சு போகுது." கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். அதில் கறுப்பு எப்போதும் இருக்கும். "அந்தம்மாவ ஆஸ்பத்திரில போய்ப் பாத்தேன். பரவால்லப்பான்னு சொல்றாங்க. அதுதான் தாங்க முடியல."

"வீட்ல சொல்லிட்டியா?"

"பெரியவளுக்குப் பரீட்சை நடக்குது. முடியட்டும்." படி வரை போய்த் திரும்பினார். "சுருக்கமா எழுதுங்கக்கா. சாரு எழுதினா என் பேரு வர்றதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவேன்."

அக்கா சிரிக்கவில்லை. மணி நாலேகாலுக்கு எழுதத் தொடங்கினார். முதல் வரியில் கெட்ட செய்தி: திங்கட்கிழமை முதல் உங்கள் பணி தேவையில்லை என்று கம்பெனி முடிவு செய்திருக்கிறது. இரண்டாவது வரியில் காரணம்: இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு உங்களுக்கு அனுப்பப்பட்ட புகாரை நீங்கள் கவனிக்கவில்லை. தேதி ஆறு என்று தெரியும். மணி தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அனுப்பியவற்றில் தேடினார்.

ஆறாம் தேதி மெக்கானிக்குக்கு இரண்டு மெயில் போயிருந்தது. ஒன்று ஜவுளிக்கடை லிஃப்ட், ஒன்று பள்ளிக்கூடத்து லிஃப்ட். ஆற்றோரக் குடியிருப்பு இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது பார்த்தார். பதினொன்று, பன்னிரண்டு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, செயலாளரின் முகவரியைத் தேடுபெட்டியில் அடித்தார். இரண்டு மெயில்கள் வந்து நின்றன. அவை இருக்கும் இடத்தின் பெயர் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. பிறகு.

படிவம் நிரப்பாமல் நேராக எழுதிய செயலாளர் தலைப்புப் போடவில்லை.

ஏழு மாதத்தில் முதல்முறையாக அந்த ஃபோல்டரைத் திறந்தார். ஐம்பத்தெட்டு இருந்தன, ஒன்றும் படிக்கப்படவில்லை. மேலே இருந்த இரண்டைப் படித்தார்.

"அம்மா, மூன்றாம் மாடியில் லிஃப்ட் தரைக்கு நாலு விரல் மேலே நிற்கிறது. என் மனைவிக்குப் பார்வை குறைவு. ஆள் அனுப்பினால் நல்லது." இது ஆறாம் தேதி.

"முன்பு எழுதியது கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு நிறைய வேலை இருக்கும். அவசரப்படுத்தவில்லை." இது பதினோராம் தேதி.

வெட்ட ஒன்றும் இல்லை.

மேனேஜர் தேடமாட்டார். பதினோராயிரத்தை வைத்திருப்பவர் அடுத்தவர் பெட்டியில் எதைத் தேடுவார்? செயலாளருக்குத் தான் அனுப்பியது தெரியும், அதற்கு மேல் தெரியாது. மெக்கானிக் தன் கட்டைவிரலையே குற்றவாளியாக்கி ஒத்துக்கொண்டாயிற்று. இரண்டு மெயில்களையும் குறியிட்டு அழிக்கும் பொத்தானை அமுக்கினால் போதும். அக்காவுக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம். பூஜ்யம் காட்டும் இன்பாக்ஸைக் காட்ட மேனேஜர் இன்னும் மூன்று வருடம் ஆட்களைக் கூட்டிவரலாம்.

பட்டியலைக் கீழே இழுத்தார். ஏன் இழுத்தார் என்று அவருக்கே தெரியாது. பெயர்கள் ஏறிப் போய்க்கொண்டே இருந்தன. அடியில், கணவர் இறந்த மறுநாள் தேதியிட்டு, மெக்கானிக்கின் பெயர் இருந்தது. திறந்தார்.

"அக்கா. அண்ணன் ஒரு தடவ எனக்காகக் கடைசி பஸ்ஸ நிறுத்தி வச்சாரு. ஏன் நிறுத்தினாருன்னு அர மணி நேரம் சொன்னாரு. நல்ல மனுஷன். நான் கீழதான் இருப்பேன். கூப்பிடுங்க."

ஏழு மாதமாகத் தினமும் படியேறி வந்தவர். இதைப் பார்த்தீர்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அக்கா எழுந்தார். பாட்டிலை எடுத்துக்கொண்டு நடைபாதைக் கோடிக்குப் போனார். பாட்டில் நிரம்பி, கையில் வழிந்து, கடிகாரத்தை நனைத்த பிறகுதான் குழாயை மூடினார். சேலைத் தலைப்பால் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார்.

"முடிஞ்சுதா மேடம்? அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் முகவரி போடல."

"அஞ்சு ஆச்சு. தலைமை ஆபீஸுக்குப் பேரு போகணும்."

"போகும் சார்."

திரும்பி வந்து, இந்த முறை உட்கார்ந்தார். மெக்கானிக்குக்கு எழுதியதை வெட்டாமல் முழுசாக அழித்தார். செயலாளரின் மெயில்கள் இரண்டையும் இணைத்துப் புதிதாக ஒன்றைத் திறந்தார். விஷயம் எழுத வேண்டிய இடத்தில் கோடு மின்னிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கண்டுகொள்ளாமல் மேலே போனார். ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். தலைமை ஆபீஸ். மேனேஜர். சங்கச் செயலாளர். மெக்கானிக். ஒரு கணம் நிறுத்தி, கிளையில் இருக்கும் எல்லோருக்கும் போகும் முகவரியையும் கடைசியில் சேர்த்தார்.

பெட்டி நிரம்பிவிட்டது. அதற்குக் கீழே ஒரு சொல்லும் இல்லை. பாட்டிலை மேசையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்துவிட்டு, முதல் வரிக்கு வந்தார்.